குறியும் முறையும்: இணையத் துப்பாக்கிச் சமர் ஆட்டங்கள் பற்றிய ஒரு திறனாய்வு

முன்னுரை

கட்டுரைத் தொகுப்பொன்றில் கணினி விளையாட்டுக்கு என்ன இடம் என்று தமிழாசிரியர் சிலர் வினவக்கூடும். வினா முறையானதே. ஆயினும், நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவருள் பலர் பள்ளி விட்டபின் நெடும்பொழுதைக் கழிக்கும் களம் அதுவாக இருக்கையில், அதனை அறியாமலே பழிப்பதும் அறியாமலே புகழ்வதும் ஆசிரியர்க்கு அழகாகா. ஒன்றைத் திறனாய விழைவோர் முதலில் அதனை உள்ளவாறு காணவேண்டும். அதன் அமைப்பு யாது, அதன் சுவை எங்கே பிறக்கிறது, அச்சுவை எதனால் கெடுகிறது என்று ஆராய வேண்டும். இலக்கியத்திற்குப் பொருந்தும் இம்முறை விளையாட்டிற்கும் பொருந்தும்.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. என்னிடம் இலக்கியம் பயின்ற ஐந்தாம் படிவ மாணவன் ஒருவன் ஒருநாள் வாடிய முகத்துடன் வந்தான். பல ஆண்டுகளாக அவன் ஆடிவந்த துப்பாக்கிச் சமர் ஆட்டமொன்றில் அவனுடைய கணக்கு முடக்கப்பட்டிருந்தது. ஏமாற்று மென்பொருளைப் பயன்படுத்தினான் என்பது குற்றச்சாட்டு. எந்த மென்பொருள், எந்த நாள், எந்த ஆட்டம் என்ற விவரம் ஒன்றும் இல்லை. நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு மும்முறை எழுதினான். மும்முறையும் சொல் மாறாத ஒரே விடை வந்தது. “நான் செய்யவில்லை ஐயா; ஆனால் அதை யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை” என்றான்.

அவன் செய்தானா, செய்யவில்லையா என்பதை நான் அறியேன். அறியும் வழியும் எனக்கில்லை. ஆயினும் அவன் சொன்ன இரண்டாம் பகுதி என் உள்ளத்தில் தங்கிவிட்டது. ஏமாற்று, புதுப்பிப்பு, உதவிப் பிரிவு என்னும் மூன்றையும் தனித்தனித் தொழில்நுட்பச் செய்திகளாகவே பலரும் பேசுகின்றனர். அவை மூன்றும் முறை என்னும் ஒரே பொருளின் மூன்று பக்கங்கள் என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆட்டத்தின் அமைப்பும் சுவையும்

இவ்வகை ஆட்டங்களுள் நெடிய வரலாறு உடையது கவுன்டர்-ஸ்டிரைக். வால்வ் நிறுவனம் 1998இல் வெளியிட்ட ஹாஃப்-லைஃப் என்னும் ஆட்டத்தை அடியாகக் கொண்டு, மின் லே, ஜெஸ் கிளிஃப் என்னும் இளைஞர் இருவர் 1999இல் இதனை ஆக்கினர். பின்னர் வால்வ் நிறுவனமே இதனை ஏற்று 2000ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்தது. 2004, 2012, 2023 ஆகிய ஆண்டுகளில் புதிய வடிவங்கள் தோன்றின. கால் நூற்றாண்டைக் கடந்தும் இதன் அடிப்படை இலக்கணம் மாறவில்லை என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

அவ்விலக்கணம் எளிது. ஐவர் கொண்ட ஓரணி குறித்த இடத்தில் வெடிகுண்டை வைக்க முயலும். ஐவர் கொண்ட மற்றோர் அணி அதனைத் தடுக்கும். குண்டு வைக்கப்பட்டால் நாற்பது வினாடிகளில் வெடிக்கும். அதனைச் செயலிழக்கச் செய்யக் கருவி இருப்பின் ஐந்து வினாடியும், இல்லையெனில் பத்து வினாடியும் வேண்டும். பாதி ஆட்டத்திற்குப் பின் அணிகள் பக்கம் மாறும். முற்றியவர் காப்பர், காத்தவர் முற்றுவர். புறத்திணை பயின்ற மாணவர்க்கு இது புதிதன்று. மதிலை முற்றுவது உழிஞை, மதிலைக் காப்பது நொச்சி. தொல்காப்பியம் இரண்டனையும் உழிஞையுள் அடக்கியது. புறப்பொருள் வெண்பாமாலை நொச்சியைத் தனித்திணையாகப் பிரித்தது. ஒரே ஆட்டக்காரர் ஒரே பொழுதில் இரு திணைக்கும் உரியவராவதே இவ்வாட்டத்தின் தனித்தன்மை எனலாம்.

இதன் சுவை எங்கே பிறக்கிறது? சுடுவதில் பிறக்கிறது என்பர் புறத்தே நின்று காண்போர். அது முழு உண்மையன்று. ஒரு சுற்றில் வீழ்ந்தவர் அச்சுற்று முடியும்வரை மீண்டெழார். ஆதலின் ஒவ்வோர் அடியும் எண்ணி வைக்கப்பெறும். சுவருக்கு அப்பால் எவர் உளர் என்பது தெரியாது. காலடி ஓசையைக் கொண்டு உய்த்துணர வேண்டும். எதிரி ஓடினால் ஓசை கேட்கும். மெல்ல நடந்தால் கேளாது. அவர் ஓடாமல் நடப்பதே ஒரு செய்தி. ஒன்றும் கேளாமையும் ஒரு செய்தி. இங்ஙனம் அறியாமைக்கும் ஊகத்திற்கும் இடையே நிகழும் போராட்டமே இவ்வாட்டத்தின் உயிர்நிலை. வேட்டையாடுவோனுக்கும் மறைந்திருப்போனுக்கும் இடைப்பட்ட அந்த நொடிகளில்தான் சுவை உள்ளது. துப்பாக்கி அதற்கு ஒரு கருவி மட்டுமே.

ஏமாற்றின் இயல்பு

இதனை உணர்ந்தால் ஏமாற்று ஏன் இவ்வளவு கொடிதாகக் கருதப்படுகிறது என்பது விளங்கும். ஏமாற்று மென்பொருள்களுள் இருவகை பெரிதும் பேசப்படுகின்றன. ஒன்று, எதிரியின் தலையைத் தானே கண்டு குறிவைக்கும் எய்ம்பாட். மற்றொன்று, சுவருக்கு அப்பால் நிற்போரைக் காட்டும் வால்ஹேக். முன்னது கையின் திறனைப் பொய்யாக்குகிறது. பின்னது அதனினும் கொடியது. அறியாமை என்னும் சுவையின் வேரையே அறுத்துவிடுகிறது. துப்பறியும் கதையைப் படிப்பவரிடம் முதற்பக்கத்திலேயே கொலையாளியின் பெயரைச் சொல்லிவிடுவது போன்றது அது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு: இங்குப் பெயரை அறிந்தவர் ஒருவர், சுவை இழப்பவர் மற்ற ஒன்பதின்மர்.

இது எவ்வாறு இயல்கிறது என்பதையும் அறிதல் நன்று. ஆட்டத்தை நடத்தும் வழங்கிக் கணினி ஓரிடத்தில் இருக்கும். ஆடுவோர் கணினிகள் பலவிடங்களில் இருக்கும். எதிரி சுவர் மறைவிலிருந்து வெளிப்படும் நொடியிலேயே அவர் உருவம் திரையில் தோன்றவேண்டுமாயின், அவர் எங்குள்ளார் என்னும் செய்தி சற்று முன்னரே ஆடுவோர் கணினிக்கு வந்துசேர வேண்டும். வந்த செய்தியை ஆட்டம் மறைத்து வைத்திருக்கும். மறைத்து வைத்ததை வேறொரு மென்பொருள் திருடிக் காட்டும். இதனை உணர்ந்தே, 2020இல் வெளிவந்த வாலரண்ட் என்னும் ஆட்டத்தை ஆக்கிய ரயட் நிறுவனம், எதிரி கண்ணுக்குப் புலப்படும் நிலை நெருங்கும்வரை அவர் இருப்பிடத்தை அனுப்பாமல் இயன்றவரை நிறுத்திவைக்கும் முறையைக் கையாண்டது. பூட்டை வலிமையாக்குவதினும் பொருளை வீட்டில் வையாதிருப்பது மேல் என்பது இதன் கருத்து.

ஏமாற்றுவோர் எளிய பிள்ளைகள் மட்டுமல்லர். 2018 அக்டோபரில் ஷாங்காய் நகரில் நடந்த ஆசியப் போட்டியில், இந்திய அணி ஒன்றைச் சேர்ந்த ஆட்டக்காரர் மேடையிலேயே பிடிபட்டார். எழுதுவதற்குப் பயன்படும் வேர்ட் மென்பொருளின் பெயரை ஏமாற்றுக் கோப்புக்கு இட்டு மறைத்திருந்தார். அவருக்கு ஐந்தாண்டுத் தடை விதிக்கப்பட்டது. குற்றமற்ற தோழர் நால்வரின் அணியும் கலைக்கப்பட்டது. பாரதக் கதையில் சகுனி உருட்டிய காய்களால் வீழ்ந்தது தருமன் மட்டுமன்று. உடன்பிறந்தார் நால்வரும் வீழ்ந்தனர். இங்கோ தன் அணியினனே சகுனியாக வாய்த்தான் என்பதே வேறுபாடு. தென்கொரியா இத்தகைய மென்பொருளை ஆக்கிப் பரப்புவதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கிச் சட்டம் இயற்றியுள்ளமையும் நினைவுகூரத்தக்கது.

வழுவும் வஞ்சனையும்

ஆயின் எல்லாத் தவறும் புறத்திலிருந்து கொணர்ந்த மென்பொருளால் நிகழ்வதில்லை. ஆட்டத்திலேயே அமைந்த வழுவைத் தனக்குச் சாதகமாக்குவதும் உண்டு. அதனை எவ்வாறு மதிப்பிடுவது என்பதே கடினமான வினா.

2020ஆம் ஆண்டில் கவுன்டர்-ஸ்டிரைக் உலகை ஒரு செய்தி உலுக்கியது. ஆட்டத்தில் இருந்த வழு ஒன்றினால், அணிப் பயிற்றுநரின் பார்வை களத்தின் ஓரிடத்தில் நிலைத்து நின்றுவிடும். அங்கு வரும் எதிரிகளை அவர் காணலாம். அவர் எந்த மென்பொருளையும் நிறுவவில்லை. எந்தக் கோப்பையும் மாற்றவில்லை. செய்யவேண்டியது ஒன்றே: நடுவரிடம் சொல்லவேண்டும். சொல்லாதிருந்தார் பலர். மின்விளையாட்டு நேர்மை ஆணையம் பழைய ஆட்டப் பதிவுகளை ஆராய்ந்து, அவ்வாண்டு செப்டம்பரில் 37 பயிற்றுநர்களுக்குத் தடை விதித்தது. தடைக்காலம் அவரவர் செயலுக்கேற்ப வேறுபட்டது. தாமே முன்வந்து ஒப்புக்கொண்டோர்க்குக் குறைக்கப்பட்டது. இது முறையான தீர்ப்பு. வழு நிறுவனத்தின் குற்றம்; மௌனம் பயிற்றுநரின் குற்றம். இரண்டனையும் ஒன்றாக்கவும் கூடாது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்கவும் கூடாது.

இவ்வினா நம் வாயிலுக்கே வந்ததும் உண்டு. 2023 மே மாதம் புனோம் பென்னில் நடைபெற்ற தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில், வாலரண்ட் இறுதியாட்டத்தில் சிங்கப்பூரும் இந்தோனேசியாவும் மோதின. ஆட்டத்திலுள்ள வழு ஒன்றைச் சிங்கப்பூர் அணி பயன்படுத்தியது என்னும் முறையீடு எழ, ஆட்டம் தடைப்பட்டது. முடிவில் இரு நாடுகளுக்கும் தங்கப்பதக்கம் பகிர்ந்தளிக்கப்பட்டது. பகிர்வு அமைதியைத் தந்திருக்கலாம், தெளிவைத் தரவில்லை. விதியை மீறினர் எனின் ஒருவர்க்குத் தங்கம் மிகை. மீறவில்லை எனின் மற்றவர்க்கு மிகை. எது ஆட்டத்தின் பகுதி, எது ஆட்டத்தின் வழு என்பது களம் புகுமுன்னரே எழுதிவைக்கப்பட்டிருத்தல் வேண்டும் என்பதே இந்நிகழ்ச்சி தரும் பாடம்.

புதுப்பிப்பும் பதிப்பும்

வழுவைக் களைவதற்கும் ஏமாற்று வழியை அடைப்பதற்கும் நிறுவனங்கள் கையாளும் கருவியே ‘அப்டேட்’ என்று இளைஞர் வழங்கும் புதுப்பிப்பு. இலக்கிய மாணவர் இதனைப் பதிப்போடு ஒப்பிட்டு நோக்கலாம். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஏடுகள் பலவற்றை ஒப்பிட்டுப் பாடத்தைத் தேர்ந்தார். அச்சு வந்தபின்னும் ஏடு ஏடாகவே இருந்தது. ஐயுற்றவர் மீண்டும் அதனைப் பார்க்க இயன்றது. இணைய ஆட்டத்தின் புதுப்பிப்போ பழைய பாடத்தின்மேல் புதிய பாடத்தை எழுதிவிடுகிறது. 2023 செப்டம்பர் 27ஆம் நாள் கவுன்டர்-ஸ்டிரைக் 2 வெளிவந்தபோது, அது பழைய ஆட்டத்தின் இடத்திலேயே வந்து அமர்ந்தது. பழைய வடிவம் பெயரளவில் ஓரத்தில் எஞ்சியதேயன்றி, முன்போல் எதிரணியைத் தேடித் தந்து ஆடவைக்கும் ஏற்பாடு அதற்கு இல்லாதொழிந்தது. மேக் கணினிகளில் ஆடிவந்தோர் முற்றும் விடுபட்டனர். பல்லாண்டு பயின்ற களம் ஒரே இரவில் மாறியது. மாற்றத்தை வேண்டாதவர்க்கு வேறு வழியில்லை.

இன்னும் ஒன்று. புதுப்பிப்பே குற்றமற்றவரைக் குற்றவாளியாக்கியதும் உண்டு. ஏமாற்றுவோரைக் கண்டறிய வால்வ் நிறுவனம் 2002 முதல் ‘வேக்’ என்னும் காவல் மென்பொருளைப் பயன்படுத்தி வருகிறது. அது விதிக்கும் தடை நிலையானது. 2010 ஜூலையில் ஏறத்தாழ 12,000 கணக்குகள் தவறாக முடக்கப்பட்டன. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வட்டிலிருந்த ஒரு கோப்பு புதுப்பிக்கப்பட்டது. நினைவகத்திலிருந்த பழைய பிரதியோடு அது பொருந்தவில்லை. பொருந்தாமையை ஏமாற்று எனக் காவல் மென்பொருள் எண்ணிவிட்டது. நிறுவனத் தலைவர் கேப் நியூவெல் மன்னிப்புக் கோரினார், தடைகள் நீக்கப்பட்டன, பாதிக்கப்பட்டோர்க்கு வேறோர் ஆட்டம் இலவசமாக வழங்கப்பட்டது. 2023 அக்டோபரிலும் இத்தகைய ஒன்று நிகழ்ந்தது. ஏஎம்டி நிறுவனம் தன் வரைகலை அட்டைகளுக்கு வெளியிட்ட புதுப்பிப்பின் ஒரு கூறு ஆட்டத்தின் கோப்பினுள் தலையிட்டது; அதனை இயக்கியோர் ஏமாற்றுவோராகக் கருதப்பட்டு முடக்கப்பட்டனர். ஏஎம்டி அதனைத் திரும்பப் பெற்றது. முடக்கப்பட்டோர் பின்னர் விடுவிக்கப்பட்டனர். இவர்கள் செய்த பிழை யாது? புதுப்பிக்குமாறு சொன்னதைக் கேட்டுப் புதுப்பித்ததே.

காவலின் ஆழம்பற்றியும் ஒரு சொல். வாலரண்ட் ஆட்டத்தின் காவல் மென்பொருளான வேன்கார்ட், கணினி விழிக்கும்போதே தானும் விழித்து, இயங்குதளத்தின் உட்கருவில் நின்று காவல் புரிகிறது. ஏமாற்று மென்பொருளும் அவ்வாழத்திற்குச் சென்றுவிட்டமையால் காவலும் செல்லவேண்டியதாயிற்று என்பர். அதில் உண்மை உண்டு. ஆயினும் அவ்வாழத்தில் பிழை நேரின் விளைவும் ஆழமானது. 2024 ஜூலை 19ஆம் நாள் கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பு ஒன்று, மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீட்டின்படி 85 லட்சம் கணினிகளை முடக்கியது. சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் கையால் எழுதிப் பயணிகளை ஏற்றின. அது விளையாட்டு மென்பொருள் அன்று. எனினும் உட்கருவில் இடம்பெறும் எதுவும் எத்துணைப் பொறுப்புடன் புதுப்பிக்கப்பட வேண்டும் என்பதற்கு அதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை. வீட்டுக் கணினி ஒன்றிலேயே பிள்ளையின் ஆட்டமும் தந்தையின் வங்கிக் கணக்கும் இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல.

ஆராய்ச்சி மணி

இனி உதவிப் பிரிவுக்கு வருவோம். மனுநீதிச் சோழனின் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி தொங்கியது என்பது நம் மரபு. மணி தொங்கியது பெருமையன்று. பசு அடித்தபோதும் அதனைக் கேட்க ஒருவர் இருந்தமையே பெருமை. இக்காலத்து நிறுவனங்கள் எல்லாமே மணியைத் தொங்கவிட்டுள்ளன. படிவம் உண்டு, எண் உண்டு, உடனே வரும் ஒப்புகையும் உண்டு. உள்ளே கேட்போர் உளரா என்பதே வினா.

நிறுவனத்தார் தரப்பையும் நேர்மையுடன் எடுத்துரைத்தல் வேண்டும். எவ்வாறு கண்டுபிடித்தோம் என்று சொன்னால், ஏமாற்று மென்பொருளை விற்போர் அதனைக் கற்றுத் தப்பிவிடுவர் என்கின்றனர். தண்டனையைக் கூட உடனே விதியாமல் நாள் கழித்துக் கூட்டமாக விதிப்பது இதன்பொருட்டே. முறையிடுவோருள் பெரும்பாலோர் பொய்யுரைப்பர் என்பதும் அவர் வாதம். இவ்வாதங்களைப் புறக்கணிக்க இயலாது. ஏமாற்றுவோர் மலிந்த களத்தில் நேர்மையாக ஆடுவோரும் அநீதிக்கே உள்ளாகின்றனர். கடுங்காவல் வேண்டும் என்று முதலில் கேட்போரும் அவர்களே.

ஆயினும் சான்றைக் காட்டாமலே நீதி வழங்க வழியில்லை என்பது உண்மையன்று. 2013இல் வால்வ் நிறுவனமே ஒரு வழியைக் காட்டியது. ஐயத்திற்குரிய ஆட்டத்தின் பதிவு, பெயர்கள் மறைக்கப்பட்டு, பட்டறிவு மிக்க ஆட்டக்காரர் சிலரிடம் அளிக்கப்பட்டது. அவர்கள் பார்த்துத் தீர்ப்புக் கூறினர். பின்னர் இயந்திரக் கற்றல் வந்தபோதும், ஐயத்திற்குரியவற்றை இயந்திரம் தேர்ந்தெடுக்க, தீர்ப்பை மனிதர் அளித்தனர். மனிதர் பிழை செய்யார் என்பதன்று. பிழையை மறுபடி எண்ணிப்பார்க்கும் இயல்பு மனிதர்க்கு உண்டு என்பதே இதன் சிறப்பு.

முற்கூறிய 2010, 2023 நிகழ்ச்சிகளை மீண்டும் நோக்குக. அங்குப் பிழை ஒப்புக்கொள்ளப்பட்டது ஏன்? ஒரே வகைப் பிழையால் ஒரே காலத்தில் பலர் பாதிக்கப்பட்டனர், பலர் குரல் ஒன்றாய் எழுந்தது, காரணம் வெளிப்பட்டது. பழுதுற்ற ஒரே ஒரு கணினியால், வேறெவர்க்கும் நேராத ஒரு பொருத்தமின்மையால், ஒரே ஒருவன் பாதிக்கப்பட்டிருப்பின்? அவன் குரல் பொய்யர் ஆயிரவர் குரலோடு கலந்து கரைந்துபோகும். எண்ணிக்கையில் பெரிதாயினால்தான் பிழை பிழையாகும் எனின், தனியொருவனுக்கு அங்கு நீதி இல்லை என்பது பொருளாகும்.

என் மாணவன் வகுப்பில் சிலப்பதிகாரம் பயின்றான். கோவலனைக் கொல்வதற்குமுன் பாண்டியன் அவனை அழைத்துக் கேளாதது ஏன் என்று அவன் வினவியபோது, வழக்கமான விடையைக் கூறினேன்: சிலம்பு கையில் இருந்தது, பொற்கொல்லன் சொல் நம்பத்தக்கதாயிருந்தது, அரசன் விரைந்தான். இன்று எண்ணிப்பார்க்கையில் அவ்விடை போதாது எனத் தோன்றுகிறது. சான்று இருந்தமையால்தான் அரசன் கேளாதொழிந்தான். சான்று வலிதாகத் தோன்றும் இடத்தில்தான் கேட்கவேண்டிய கடமையும் வலிதாகிறது. ஒரு சிலம்பு மற்றொரு சிலம்பைப் போலவே இருக்கும். ஒரு கோப்பும் அவ்வாறே.

முடிவுரை

கணினி ஆட்டங்களைத் திறனாய்வோர் ஓவிய நேர்த்தியையும் ஒலிநயத்தையும் வேகத்தையும் மதிப்பிடுகின்றனர். அவை வேண்டுவனவே. இணையத்தில் பலர் கூடி ஆடும் ஆட்டத்திற்கு அவை மட்டும் போதா. வழுவையும் வஞ்சனையையும் வேறுபடுத்தும் விதி தெளிவாக எழுதப்பட்டுள்ளதா? புதுப்பிப்பினால் விளைந்த பிழையை நிறுவனம் தானே ஏற்கிறதா? தண்டிக்கப்பட்டவன் சொல்லை மனிதர் ஒருவரேனும் ஒருமுறையேனும் கேட்கின்றனரா? இம்மூன்று வினாவிற்கும் கிடைக்கும் விடையே அவ்வாட்டத்தின் தரத்தை உறுதிசெய்யும்.

ஆசிரியர்க்கும் இதில் பணி உண்டு. ஆடாதே என்று சொல்வதோடு நம் கடமை முடிந்துவிடாது. முறையீட்டுக் கடிதம் எழுதக் கற்பிக்கும்போது, நாளும் இடமும் குறித்து, நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு, சினமின்றி எழுதும் பயிற்சியை இத்தகைய நிகழ்ச்சிகளைக் கொண்டும் அளிக்கலாம். தோழன் ஏமாற்றுவதைக் கண்டும் வெற்றிக்காக வாய்மூடி இருப்பது சரியா என்று வகுப்பில் வினவலாம். 37 பயிற்றுநர்களின் கதை அதற்குத் தக்க தொடக்கமாகும்.

அம்மாணவனும் நானும் அமர்ந்து நான்காம் கடிதத்தை எழுதினோம். கணினியின் விவரம், அண்மையில் நிறுவிய மென்பொருள்கள், புதுப்பித்த நாட்கள் அனைத்தையும் ஒழுங்காகக் குறித்தோம். பழைய விடையே மீண்டும் வந்தது. அவன் இப்பொழுது வேறோர் ஆட்டம் ஆடுகிறான். குறி தவறாமல் எய்வதற்குக் கருவிகள் இன்று எளிதில் கிடைக்கின்றன. முறை தவறாமல் கேட்பதற்கு இன்றும் மனிதர் வேண்டியுள்ளது என்பதே இக்கட்டுரையின் துணிபாகும்.